கெட்டித் தயிருக்கு ஒரு கணக்கு

தயிரை வெள்ளைத் துணியில கட்டித் தொங்கவிட்டா தண்ணி வடியும். துணிக்குள்ள மிஞ்சுற கெட்டித் தயிருக்குத்தான் கடையில கிரீக் யோகர்ட்னு பேரு. பெங்களூர்லயும் சென்னையிலயும் வேலை பாக்குற நம்ம ஊர்ப் பிள்ளைங்க லீவுக்கு பெரியகுளம் வந்தா, "அக்கா, இங்க எந்தக் கடையில கிடைக்கும்?"னு கேக்குறாங்க. ஜிம்முக்குப் போற தம்பிங்க கேக்குறாங்க, பிள்ளை பெத்து உடம்பு இளைக்கணும்னு நினைக்கிற தங்கச்சிங்க கேக்குறாங்க. அவங்களுக்கெல்லாம் சேர்த்து இங்க பதில் சொல்றேன். அது நல்ல சாப்பாடுதான், சந்தேகமே வேண்டாம். ஆனா அதுல என்ன இருக்கு, என்ன போயிருக்கு, நீ குடுக்குற காசு எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு சாப்பிடு.

இந்த கிரீக் யோகர்ட் கப்பு உலகம் பூராவும் பரவுன கதை ரொம்பப் பழசு கிடையாது. ஏதென்ஸ்ல 1926-ல ஒரு பால் கடையா ஆரம்பிச்சது ஃபாயே கம்பெனி. அமெரிக்காவுல இதைப் பெரிய வியாபாரமா ஆக்குனவர் ஹம்தி உலுகாயா, துருக்கியில ஆடு மாடு வளர்த்த குடும்பத்துப் பிள்ளை. நியூயார்க் மாநிலத்துல மூடிக்கிடந்த ஒரு பழைய பால் ஆலையை 2005-ல வாங்குனாரு. 2007-ல சோபானின்னு முதல் கப்பு கடைக்கு வந்துச்சு. கொஞ்ச வருசத்துலயே அங்க தயிர் விக்கிற அலமாரியே மாறிப்போச்சு. நம்ம நாட்டுல எபிகேமியான்னு ஒரு கம்பெனி 2015-ல இறங்குச்சு. இப்ப நம்ம பெருந்துறையில இருக்க மில்கி மிஸ்ட்டும் போடுது.

ஆனா தண்ணி வடிச்ச தயிர் இதுக்கெல்லாம் ரொம்ப முந்துனது. துபாய், குவைத்துன்னு போய் வந்த அண்ணன்மாரைக் கேட்டுப் பாரு, குபூஸ் ரொட்டியோட லப்னேங்கிற வடிச்ச தயிரைத் தொட்டுச் சாப்பிட்டதைச் சொல்லுவாங்க. மகாராஷ்டிராவுலயும் குஜராத்துலயும் தயிரை வடிச்சு சக்கான்னு எடுத்து, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து ஸ்ரீகண்ட் பண்றாங்க. இலங்கையில துணியே வேண்டாம். எருமைப் பாலை மண்சட்டியில உறைய வைக்கிறாங்க. சட்டி ஈரத்தை இழுத்துக்கிட்டு வெளிய விட்டுரும். தயிர் கத்தி போட்டு வெட்டுற மாதிரி நிக்கும், கித்துள் பாணின்னு சொல்ற பாகை ஊத்திச் சாப்பிடுவாங்க.

இனி வீட்டுல எப்படிப் பண்றதுன்னு பாப்போம். இதுல எனக்கு அக்கறை ஜாஸ்தி, ஏன்னா தயிர் சரியில்லாம வடிச்சா எல்லாமே வீண்.

பாலை ஒரு கொதி வந்ததும் இறக்கிராத. அடுப்பைச் சிம்ல வச்சு, அடி பிடிக்காம கிண்டி, இன்னும் பத்து நிமிசம் விடு. பால்ல ரெண்டு விதமான புரதம் இருக்கு. ஒண்ணு சுலபமா உறையிறது, இன்னொண்ணு தண்ணியோட போற குணம் உள்ளது. நல்லா சூடு ஏறுனா அந்த ரெண்டாவதும் முதல்லதோட ஒட்டிக்கும். அதனால தயிர் கெட்டியாவும் வரும், வடிக்கும்போது புரதம் வீணாகறதும் குறையும். அப்பறம் ஆறவிடு. சுத்தமான சுண்டுவிரலை விட்டா பத்து எண்ணுற வரைக்கும் பொறுக்குற சூடு இருக்கணும். அதுக்கு மேல சூடா இருந்தா உறைமோர்ல இருக்க நல்ல கிருமி செத்துரும். ஆறிப்போச்சுன்னா உறையவே நேரமாகும், தயிர் நூல் விடும்.

உறைக்கு முந்தின நாள் தயிர்தான் வேணும். புளிச்சுப்போனது வேண்டாம். அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போதும். கெட்டியா வரட்டும்னு ஒரு கரண்டி அள்ளிப் போட்டா சீக்கிரம் புளிக்குமே ஒழிய கெட்டியாகாது. சித்திரை வைகாசியில நம்ம ஊர் வெயிலுக்கு நாலஞ்சு மணி நேரத்துல உறைஞ்சிரும். மார்கழியில கொடைக்கானல் மலையில இருந்து காத்து இறங்குறப்போ எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கூட ஆகும். அப்ப பாத்திரத்தை ஹாட்பாக்ஸுக்குள்ள வை, இல்லாட்டி கனத்த துண்டைச் சுத்தி அரிசி மூட்டைக்குப் பக்கத்துல வை. உறையிறப்போ ஆட்டக்கூடாது. மூடியைத் திறந்து திறந்து பாக்கக்கூடாது.

உறைஞ்ச உடனே வடிக்காத. ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மணி நேரம் வச்சு இறுகுனப்பறம் வடி. துணி, பழைய வேட்டித் துணியா இருந்தா நல்லது. சோப்புப் பவுடர் வாசம் தயிர்ல ஏறும், அதனால வெந்நியில அலசி, பிழிஞ்சு, ஈரத்தோட விரி. ஒரு பாத்திரத்து மேல வடிகட்டி, அதுக்கு மேல துணி, அதுல தயிர். நாலு முனையையும் சேர்த்து முடிஞ்சு மூடி, அப்படியே ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிரு. ஜன்னல் கம்பியில தொங்கவிடுறது குளிருக்குச் சரி, நம்ம கோடைக்கு வேண்டாம். வடியிறதுக்குள்ள புளிச்சிரும், ஈயும் மொய்க்கும். சீக்கிரம் வடியணும்னு கையால அழுத்திப் பிழியாத, தயிரே துணி வழியா வந்துரும். ஒரு லிட்டர் பால்ல உறைஞ்ச தயிர் ராத்திரி பூரா வடிஞ்சா 350-ல இருந்து 400 கிராம் கிடைக்கும். அதை எடுத்து ஒரு கரண்டியால நல்லா அடிச்சு விட்டா வெண்ணெய் மாதிரி வழவழன்னு ஆகும், கடைக் கப்புல இருக்க அதே பதம். மூணு நாளுக்குள்ள சாப்பிட்டு முடி. உப்போ, தேனோ, பழமோ சாப்பிடுற நேரத்துல சேரு, முதல்லயே கலந்து வச்சா தண்ணி விடும்.

பால் விசயத்துல ஒண்ணு. புரதத்துக்காகத்தான் இவ்வளவும்னா கொழுப்பு அதிகமான பாலைத் தேடிப் போகாத. கொழுப்பு கூடுனா ருசி கூடும், தயிர் மேல ஆடை கனமா படியும். புரதம் அதோட சேர்ந்து ஏறாது. ஆவின் நீலப் பாக்கெட்டுல கொழுப்பு 3 சதவீதம், பச்சைப் பாக்கெட்டுல 4.5 சதவீதம், புரதம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வீட்டுக்கு ஊத்துற பாலா இருந்தா, தண்ணி கலக்காத பால் குடுக்குறவங்க கிட்ட வாங்கு, லிட்டருக்கு ரெண்டு மூணு ரூபா கூடக் கேட்டாலும் குடு. தண்ணி கலந்த பாலை வடிச்சா, நீ காசு குடுத்து வாங்குன தண்ணியைத்தான் திரும்ப வடிச்சு எடுக்குற.

இப்ப கணக்கு. ஒரு லிட்டர் பசும்பால்ல ஏறக்குறைய 32 கிராம் புரதம் இருக்கு. அதை உறைய வச்சா தயிர்லயும் அதே 32 கிராம். வடிச்சா கொஞ்சம் தண்ணியோட போயிரும், கெட்டித் தயிர்ல ஒரு 27 கிராம் நிக்கும். சாதாத் தயிர்ல 100 கிராமுக்கு 3 கிராம்னு இருந்தது, வடிச்சப்பறம் ஏறக்குறைய 7 கிராம் ஆகுது. "ரெண்டு மடங்கு புரதம்"னு கப்பு மேல எழுதுறது பொய்யில்ல. ஆனா புரதம் எங்க இருந்தும் புதுசா வந்து சேரல, இடத்தைச் சுருக்கியிருக்காங்க. ஒரு கப்புல நிறையப் புரதம் வேணும், வயிறு சீக்கிரம் நிறையக்கூடாதுன்னு இருக்கவங்களுக்கு இது உதவும். எடை தூக்குற பிள்ளைங்க, பல்லு போன பெரியவங்க, நோயில இருந்து எந்திரிச்சு ரெண்டு வாய் மட்டும் சாப்பிடுறவங்க. இவங்களுக்கெல்லாம் நான் வடிச்ச தயிர்தான் குடுப்பேன். பாலைச் சாப்பிட்டா வயிறு உப்புறவங்களுக்கும் இது ஒத்துக்கும், பால் சர்க்கரையில பெரும்பங்கு வடிஞ்ச தண்ணியோட போயிருது. நல்லா மூணு வேளை சாப்பிடுற ஆளுக்கு சாதாத் தயிரே போதும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேணும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல சொன்ன அளவு, எடையில கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். நம்ம வீட்டுச் சாப்பாட்டுல அது எப்படி வருதுன்னு பாரு. ரெண்டு வேளைச் சோறும் இட்லியுமா அரிசி 200 கிராம் போச்சுன்னா 15 கிராம் வந்துரும். சாம்பாருக்குப் போற பருப்புல 8, மொச்சைக் குழம்புல 6, ஒரு முட்டையில 6, மத்தியானம் ஒரு கப்புத் தயிரும் காலையில காப்பிக்குப் பாலும் சேர்ந்து 9, சாயந்தரம் ஒரு கைப்பிடி வறுத்த கடலையில 7. ஐம்பது தாண்டிருச்சு. இதுல மொச்சையும் கடலையும் முட்டையும் நிறைய வீட்டுல தினமும் இல்ல, சோறு மட்டும் கூடுதலா இருக்கு. குறை அங்கதான். அதைச் சரி பண்ணாம மேல ஒரு கப்பு யோகர்ட் வாங்கிச் சாப்பிட்டா பாதி வேலைதான் ஆகும். 2024 மே மாசம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்லயும், உடம்பு ஏத்துறதுக்குப் புரதப் பவுடர் வேண்டாம், சாப்பாட்டுல இருந்தே எடுத்துக்கோன்னுதான் சொல்லியிருக்காங்க.

ஒரு கிராம் புரதத்துக்கு எத்தனை ரூபான்னு கணக்குப் போடப் பழகிக்கோ. 2021 மே மாசம் ஆவின் நீலப் பாக்கெட் லிட்டருக்கு மூணு ரூபா குறைஞ்சு 40 ரூபா ஆச்சு. அந்த விலைக்கு வீட்டுத் தயிர்ல ஒரு கிராம் புரதம் ஒண்ணேகால் ரூபா. வடிச்சா ஒண்ணரை ரூபா. கடையில கப்பை எடுத்து, விலையை அதுக்குள்ள இருக்க மொத்தப் புரதத்தால வகுத்துப் பாரு. வர்ற தொகையில பாதிக்கு மேல கப்புக்கும் குளிர்பதன வண்டிக்கும் விளம்பரத்துக்கும் போறது தெரியும். அவசரத்துக்கு அது தப்பில்ல. மாசம் பூரா வாங்குனா வீட்டுச் செலவுல துளை விழுந்துரும்.

வடிஞ்ச தண்ணியைக் கொட்டிராத, தங்கச்சி. இதை நான் அழுத்திச் சொல்லுவேன். லேசா பச்சையும் மஞ்சளுமா இருக்கும். அந்த நிறம் பி2 வைட்டமினால வர்றது. கால்சியத்துலயும் பாதிக்கு மேல இந்தத் தண்ணியோட போயிருது, தயிர் புளிக்கும்போது கால்சியம் கரைஞ்சு தண்ணிக்குள்ள இறங்கிரும். பொம்பளைங்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேணும். எலும்புக்குன்னு தயிர் சாப்பிடுறவங்க வடிக்காததையே சாப்பிடணும். அமெரிக்காவுல இந்தப் புளிச்ச தண்ணி பெரிய தலைவலி. ஒரு கிலோ கெட்டித் தயிருக்கு மூணு நாலு லிட்டர் பால் போகுது, மீதியெல்லாம் இந்தத் தண்ணிதான். ஆத்துல விட்டா தண்ணியில இருக்க பிராணவாயுவை உறிஞ்சி மீனைக் கொன்னுரும், அதனால விடக்கூடாதுன்னு சட்டம். மாட்டுத் தீவனத்துலயும் எரிவாயுக் கலன்லயும் சேர்த்துச் செலவழிக்கிறாங்க. நம்ம வீட்டுல வர்றது ரெண்டு டம்ளர். சப்பாத்தி மாவு பிசை, மெத்துன்னு வரும். ரசத்துல புளியைக் குறைச்சு இதை ஊத்து. கம்மங்கூழ் கரைக்கவும் நல்லா இருக்கும். உப்பும் பெருங்காயமும் இஞ்சியும் தட்டிப்போட்டு அப்படியே குடிக்கலாம். அதுக்கும் மிஞ்சுனா தண்ணி கலந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்து.

கடையில வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா, கப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படி. சேர்மானப் பட்டியல்ல எது எடை அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும்னு விதி. பாலும் உறைக் கிருமியும் மட்டும் இருந்தா நல்லது. ரெண்டாவது இடத்துல சர்க்கரை வந்தா அது இனிப்புப் பண்டம், பாயசம் சாப்பிடுற மாதிரி நினைச்சு எப்பவாவது சாப்பிடு. ஸ்டார்ச், ஜெலட்டின், கெட்டிப்படுத்தின்னு எழுதியிருந்தா அது வடிச்ச தயிர் இல்ல, இறுக வச்ச தயிர். 100 கிராமுக்குப் புரதம் 7-க்குக் கீழ இருந்தா காசு குடுக்காத. ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம்னு வாசம் சேர்த்ததை விட்டுட்டு வெறும் கப்பை வாங்கி, நம்ம தோப்பு மாம்பழத்தையே நறுக்கிப் போடு. ஆனியில பெரியகுளத்துல மாம்பழத்துக்கா பஞ்சம்.

இப்ப எனக்கு மனசுக்கு நெருக்கமான விசயத்துக்கு வர்றேன். உலகம் பூரா பாட்டில்ல அடைச்சு விக்கிற முருங்கைப் பவுடர். அதோட ஒரு வேர் நம்ம ஊர்ல இருக்கு. முருங்கை விதைப் பாக்கெட் மேல பி.கே.எம்.1-னு போட்டிருக்கும் பாரு, அது பெரியகுளம். தூத்துக்குடி மாவட்டம் எப்போதும்வென்றான் பக்கத்து முருங்கையில இருந்து தேர்ந்தெடுத்து, இங்க இருக்க தோட்டக்கலை ஆராய்ச்சிக்காரங்க 1989-ல வெளியிட்ட ரகம். அதுக்கு முந்தி போத்து வெட்டி நட்டுக் காத்திருந்தாங்க. இதை விதையாப் போட்டா ஆறு மாசத்துல காய் வந்துரும். அதனாலதான் ஆண்டிபட்டி பக்கத்து மானாவாரிக் காட்டுல இருந்து ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சு. வெளியூர்க்காரங்க சூப்பர்ஃபுட்னு பேசுறதைப் பாத்தா எனக்கு உண்மையிலயே பெருமையா இருக்கும். அதுக்காக அந்த பாட்டிலை நீ வாங்கணும்னு இல்ல.

விளம்பரத்துல, "பாலைவிட 17 மடங்கு கால்சியம்"னு போடுவாங்க. 100 கிராம் பவுடர்ல 2000 மில்லிகிராம் இருக்கு, 100 கிராம் பால்ல 120. வகுத்தா 17 சரியா வருது. ஆனா 100 கிராம் பவுடரை யார் சாப்பிடுவா? ஒரு ஸ்பூன் 5 கிராம், அதுல கால்சியம் 100 மில்லிகிராம். ஒரு டம்ளர் பால்ல அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு. இரும்புச்சத்தும் அப்படித்தான், ஒரு ஸ்பூன்ல ஒண்ணரை மில்லிகிராம் கூட வராது. பொம்பளைங்களுக்கு ஒரு நாளைக்கு 29 வேணும். அதே நேரம் பச்சைக் கீரையை ஆய்ஞ்சு, ஆளுக்கு 50 கிராம் பொரியலா வச்சா, கால்சியம் 150-க்கு மேலயும் இரும்பு 2 மில்லிகிராமுக்கு மேலயும் கிடைக்கும், கூட நார்ச்சத்தும் உண்டு. எந்த உணவைப் பத்தி எத்தனை மடங்குன்னு சொன்னாலும், "நான் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுவேன்?"னு கேட்டுட்டு மறுபடி கணக்குப் போடு. தயிருக்கும் சரி, பவுடருக்கும் சரி, நாளைக்கு வரப்போற எதுக்கும் சரி.

மரம் இல்லாத ஊர்ல இருக்கவங்களுக்குப் பவுடர் தேவைதான். அதுக்கு நம்ம வீட்டுல இருந்தே அனுப்பலாம். கீரையை அலசி, நிழல்ல காயவிடு. வெயில்ல போட்டா நிறமும் வைட்டமின் ஏ-வும் போயிரும். மொறுமொறுன்னு ஆனதும் அரைச்சு, வெளிச்சம் படாத டப்பாவுல போட்டு வை. அடை மாவுலயும் பருப்புப் பொடியிலயும் கலந்தா பிள்ளைங்க மறுக்காம சாப்பிடுவாங்க. சாப்பாட்டுல எலுமிச்சை பிழிஞ்சா இரும்பு நல்லா சேரும், சாப்பிட்ட கையோட டீ குடிச்சா சேராது. ஒரு விசயத்துல கண்டிப்பா இரு. கர்ப்பமா இருக்கப்போ ஆஸ்பத்திரியில குடுக்குற இரும்பு மாத்திரைக்குப் பதிலா முருங்கைப் பவுடர் போதும்னு யார் சொன்னாலும் கேக்காத. மாத்திரையும் போடு, கீரையும் சாப்பிடு.

மத்த டிரெண்டுகளைச் சுருக்கமாச் சொல்லிர்றேன். அவகாடோன்னு நகரத்துல ஒண்ணு ஒண்ணா விலை வச்சு விக்கிறது, நமக்கு மேல தாண்டிக்குடி, தடியன்குடிசைக் காப்பித் தோட்டங்கள்ல காய்க்கிற பட்டர் ஃப்ரூட்தான். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையமே டி.கே.டி.1-னு ஒரு ரகம் விட்டிருக்கு. சீசன்ல நம்ம சந்தையிலயே வாங்கு. சியா விதையும் சப்ஜா விதையும் ஒண்ணுன்னு சொல்லுவாங்க, அது சரியில்ல. ஊறுறது ஒரே மாதிரி இருக்கும், ஒமேகா கொழுப்பு சியாவுலதான் நிறைய. அது வேணும்னா ஆளிவிதையை வறுத்துப் பொடிச்சு இட்லிப் பொடியில சேரு, மலிவு. சிறுதானியம் 2023-ல உலக ஆண்டு கொண்டாடுனப்பறம் பாக்கெட் நிறைய வந்துருச்சு. பளபளன்னு தீட்டுன சாமையையும் குதிரைவாலியையும் வாங்காத. தவிட்டுல இருக்க சத்து போயிருக்கும். மங்கலா, பழுப்பா இருக்கறதை எடு.

வடிச்ச தயிரையும் முருங்கையையும் யார் யோசிச்சுச் சாப்பிடணும்னும் தெரிஞ்சுக்கோ. சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து எடுக்குறவங்க புரத அளவை டாக்டரைக் கேட்டுத்தான் கூட்டணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க முருங்கைக்கீரையைத் திடீர்னு தினமும் சேர்க்கறதுக்கு முன்னாடி சொல்லிக் கேக்கணும். சின்னப் பிள்ளைக்கு வடிச்ச தயிர் குடுக்குறதா இருந்தா உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது. நசுக்குன வாழைப்பழத்தோட ரெண்டு ஸ்பூன் கலந்து குடு, ஒத்துக்கிச்சுன்னா மூணு நாள் கழிச்சு அளவைக் கூட்டு.